மைதிலி டீச்சரின் சுவாசப் பாடம்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை மதியழகனே காப்பி போட்டுக்கொண்டு வந்தான்.

பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் அவன் அடுப்படிக்குப் போன நாட்களை மைதிலி சுலபமாகச் சொல்லிவிடுவாள். அவளுக்குக் காய்ச்சல் அடித்த நாட்கள் கொஞ்சம். அவனுக்கு ஏதாவது காரியம் ஆக வேண்டியிருந்த நாட்கள் கொஞ்சம்.

"மூஞ்சியே சரியில்ல உனக்கு. பேசாம லீவு போட்டுடு" என்றான்.

"இன்னிக்கு டிரெய்னிங். வராதவங்க திங்கக்கிழமை உஷா மேடம் ரூம் வாசல்ல போய் நிக்கணும்."

"நின்னா என்ன? தலைவலின்னு ஒரு மெசேஜ் போட்டு விடு."

"எனக்குத் தலைவலி இல்லையே" என்று சிரித்தாள் மைதிலி.

அவன் சிரிக்கவில்லை. காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

இரண்டு வாரமாக அந்த வீட்டில் இந்த டிரெய்னிங் பேச்சுதான். மைதிலி உயிரியல் சொல்லித்தரும் பள்ளியில் நிர்வாகம் ஒரு முடிவு எடுத்திருந்தது. இனிமேல் ஆசிரியர்கள் யாரும் உட்கார்ந்து சொந்தமாகப் பாடம் திட்டமிட வேண்டாம். வெளியிலிருந்து தயார்ப் பாடங்கள் வாங்கியாகிவிட்டது, திரையில் வருகிறபடி நிமிடம் பிசகாமல் நடத்தினால் போதும். ஸ்டாஃப் மீட்டிங்கில் எழுந்து நின்று "இது சரியா வராது மேடம்" என்று சொன்னது மைதிலி ஒருத்திதான்.

அதைவிடப் பெரிய சங்கடம், அந்தப் பாடங்களைத் தயாரிக்கும் கம்பெனியில்தான் ஜூன் மாதத்திலிருந்து மதியழகன் வேலை பார்க்கிறான். அதற்கு முன்னால் பதினோரு வருடம் கணக்கு வாத்தியார்.

"நான் கணக்கு மட்டும்தான் மைதிலி. பயாலஜி வேற டீம். யார் எழுதறாங்கன்னு எனக்கே தெரியாது" என்று சொல்லியிருந்தான். அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. தசரா லீவில் அவளுடைய பாட நோட்டு காணாமல் போய், மூன்றாம் நாள் பீரோவுக்குப் பின்னால் கிடைத்தபோதுகூட, தானே எங்கோ வைத்துவிட்டு மறந்ததாகத்தான் நினைத்தாள்.

செருப்பு மாட்டும்போது முன்னறைக் கட்டிலிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"இன்னாம்மா, இன்னிக்கு இஸ்கூல்ல படம் காட்றாங்களாமே?"

"உங்களுக்கு யாருப்பா சொன்னது?"

பக்தவச்சலம் பதில் சொல்லாமல் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. கோலார் தங்கவயலில் இருபத்தாறு வருடம் பூமிக்குள் இறங்கிப் பாறையைத் துளைத்து வெடி வைத்தவர். சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதன் தூசி மட்டும் அவர் நெஞ்சுக்குள் அப்படியே தங்கிவிட்டது. அவருக்குப் படியேற முடியாது என்பதற்காகத்தான் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இந்தத் தரைத்தள வீட்டைத் தேடிப் பிடித்தார்கள்.

"ஜாக்கிரதயா போய்ட்டு வா. வந்து கதைய சொல்லு" என்றார், இருமலுக்கு நடுவில்.

●

பள்ளி ஹாலில் முப்பது ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் பிஸிக்ஸ் க்ளென். ஆஸ்டின் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர், அடுத்த வருடம் ரிட்டயர்மெண்ட்.

"பன் கொடுப்பாங்களா மிஸ், இல்ல பிஸ்கட்டோட முடிச்சிடுவாங்களா?" என்று காதருகே கேட்டார்.

கம்பெனியிலிருந்து ஷ்ரேயாஸ் என்று ஒருவன் வந்திருந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். மரியாதையான பையன். ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயர் கேட்டுக் கை கொடுத்தான்.

"எங்க பாடங்கள்லயே எல்லா ஸ்கூலும் ரொம்பப் பாராட்டின ஒண்ணைக் காட்டப்போறேன்" என்றான் ஆங்கிலத்தில். "பத்தாம் வகுப்பு, உயிரியல், சுவாசம்."

மைதிலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுவாசம் அவளுக்குப் பிடித்த பாடம்.

முதல் படத்தில் ஒரு மாடிப்படி. 'புத்தகத்தைத் திறக்க வேண்டாம். மாணவர்களை இரண்டு மாடி ஏறி இறங்கி வரச் சொல்லுங்கள். வந்து நின்றதும் தங்கள் மூச்சைத் தாங்களே எண்ணட்டும்.'

நானும் இப்படித்தானே ஆரம்பிப்பேன் என்று நினைத்தாள். பரவாயில்லை, வேறு யாருக்கோ இது தோன்றியிருக்கிறது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

'பன்னிரண்டாவது நிமிடம். கவனம் குறையும். இப்போது ஆட்டின் நுரையீரலை மேசைமேல் வையுங்கள். கறிக்கடையில் மூச்சுக்குழாயோடு சேர்த்துக் கேட்டு வாங்கவும். ஈரத்துணி சுற்றி ஸ்டீல் பாத்திரத்தில் கொண்டு வரவும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம்.'

மைதிலியின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது.

அவளுடைய பாட நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டங்கள் இருக்கும். நான் என்ன செய்யப்போகிறேன். பிள்ளைகள் என்ன கேட்பார்கள். எந்த நிமிடத்தில் கொட்டாவி விடுவார்கள். ஏழு வருடமாக, ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அன்றைக்கே உட்கார்ந்து திருத்தித் திருத்தி எழுதியது. சுவாசப் பாடத்தில் பன்னிரண்டாவது நிமிடத்தில் கொட்டாவி வரும் என்பது நான்கு வருடம் பார்த்துக் கண்டுபிடித்த கணக்கு. பிளாஸ்டிக் கவர் வேண்டாம் என்பதும் அப்படித்தான். சிவாஜிநகரில் காலை ஆறரைக்கு நுரையீரலைக் கவரில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, அது வழியில் பிய்ந்து, கண்டக்டர் அவளை இறக்கிவிட்டிருக்கிறார்.

அடுத்த படம் வந்தது.

'ஒரு மாணவர் கேட்கக்கூடும்: மீனுக்குத் தும்மல் வருமா?'

ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். ஷ்ரேயாஸும் சிரித்தான். "இதான் எங்க டிசைனர் ஸ்பெஷல். பசங்க மனசுக்குள்ள போய் யோசிப்பார்."

யாரும் யோசித்து எழுதிய கேள்வி இல்லை அது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜோவிதா என்ற பெண் கேட்டது. வருடம் முழுக்க வாயைத் திறக்காத பெண். அன்றைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, எல்லோரும் சிரித்ததும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மைதிலி அவளிடம், "எனக்குத் தெரியாதும்மா. இன்னிக்குப் போய்ப் படிச்சிட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பெண் கேள்வி கேட்பதை நிறுத்தவேயில்லை. நோட்டில் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுதி, பச்சை மையில் வட்டம் போட்டிருந்தாள் மைதிலி.

திரையில் அந்தக் கேள்விக்குக் கீழே எழுதியிருந்தது: 'நேரம் கருதி, பாடநூலுக்குத் திருப்பவும்.'

"என்ன மிஸ், உடம்பு சரியில்லையா?" என்றார் க்ளென்.

மைதிலி ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். நோட்டு பீரோவுக்குப் பின்னால் கிடந்த மூன்று நாட்கள். காலையில் வந்த காப்பி. லீவு போட்டுடு.

இதற்குள் கடைசிப் படம் வந்துவிட்டது.

ஓர் எக்ஸ்ரே. கறுப்புத் துணியில் ரவையைக் கொட்டினாற்போல இரண்டு நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாகப் பொடி. மேல் மூலையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம்.

அதற்குக் கீழே பெரிய சிவப்பு எழுத்தில்: 'புகை பிடிப்பவரின் நுரையீரல்.'

மைதிலி எழுந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இந்த எக்ஸ்ரே யாரோடது?"

ஷ்ரேயாஸ் இனிமையாகச் சொன்னான்: "மாதிரிப் படம் மேடம். இப்படி நிறைய கிடைக்கும்."

"புகை பிடிக்கிறவங்க எக்ஸ்ரே இப்படி இருக்காது. இது கல்லுத் தூசி."

"மேடம், டிசைன் டீம் எல்லாத்தையும் செக் பண்ணித்தான்..."

அவள் நடந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றாள். புரஜெக்டர் வெளிச்சம் அவள் புடவையில் விழுந்தது. வலதுபக்கம் ஆறாவது விலா எலும்பின்மேல் விரலை வைத்தாள். அந்த எலும்பு மட்டும் நடுவில் கோணலாக ஒட்டியிருந்தது.

"எண்பத்தெட்டுல பாறை சரிஞ்சு விழுந்து ஒடிஞ்சுது. அப்ப நான் யு.கே.ஜி. இது எங்கப்பா. அவர் வாழ்நாள்ல ஒரு பீடி தொட்டதில்ல."

பின்வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"இந்தப் பாடத்தை யார் எழுதினது?" என்று கேட்டாள்.

கேட்டிருக்க வேண்டியதில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் யாராவது ஒருவர் வாயால் வேறு பெயர் வராதா என்று ஒரு நப்பாசை.

ஷ்ரேயாஸ் மடிக்கணினியைப் பார்த்துப் படித்தான். "மதியழகன் சார் மேடம். எங்க சீனியர். ஏழு வருஷம் கிளாஸ்ல நடத்திப் பார்த்துத் திருத்தினதுன்னு சொன்னார்."

●

உஷா மேடம் அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். தலைமையாசிரியை. கன்னடத்தில் பேசினால் அன்பாக இருக்கிறார் என்று அர்த்தம், ஆங்கிலத்துக்கு மாறினால் பள்ளி பேசுகிறது என்று அர்த்தம்.

"ஏனாயித்து, என்ன ஆச்சு மைதிலி? எல்லார் எதிர்லயும் இப்படியா?"

"அது என் பாடம் மேடம். வார்த்தைக்கு வார்த்தை என் நோட்டுல இருக்கு. கொண்டு வந்து காட்டறேன்."

"இருக்கும். நான் இல்லேன்னு சொல்லல." உஷா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா அவரும் டீச்சரா இருந்தவர். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, ஒரே மேசையில உட்கார்ந்து எழுதியிருப்பீங்க. யார் யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று மைதிலிக்குத் தோன்றவேயில்லை.

"மனெ விஷயம் மனெயல்லே இரலி" என்றார் மேடம். வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். "திங்கக்கிழமை எல்லாரும் ஒரு ஃபார்ம்ல கையெழுத்துப் போடணும். திரையில வர்றபடிதான் நடத்துவேன்னு. நீங்களும்."

"அந்தப் படத்தைக் காட்டி, அது புகை பிடிச்சவர் நுரையீரல்னு நான் சொல்லணுமா மேடம்?"

உஷா மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

க்ளென் கேட் வரைக்கும் கூடவே வந்தார். "வா, ஆட்டோ பிடிச்சுத் தர்றேன்" என்றார். மிஸ் என்று சொல்ல மறந்துவிட்டார். அந்த நேரத்தில் அது ஆறுதலாக இருந்தது.

வழியெல்லாம் மதியழகனுக்கு நான்கு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

●

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. கதவு திறந்துதான் இருந்தது.

அப்பா கட்டிலில் இல்லை. முன்னறை நாற்காலியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக உட்கார்ந்திருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி.

"வந்துட்டியாம்மா? என் படம் காட்னாங்களா?"

மைதிலி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாம? நான்தான எடுத்துக் குடுத்தேன்!" கட்டிலுக்கடியில் இருந்த தன் பையைப் பெருமையாகக் காட்டினார். "மாப்ள சொன்னாரு, மாமா, மைதிலி பாடத்த எல்லா இஸ்கூலுக்கும் அனுப்பப் போறோம், உங்க படமும் அதுல வருது, அவளுக்கு மட்டும் இப்ப சொல்லாதீங்க, பேரோட வரும்போது பாத்து அப்படியே அசந்து போவணும்னாரு. ஒரு பேப்பர்ல கையெழுத்துகூட வாங்கினாரு. ரெண்டு மாசமா வாயக் கட்டிகினு இருக்கேன்மா நானு!"

வருடத்தில் ஒருமுறை அந்த எக்ஸ்ரேயை மைதிலி பள்ளிக்குக் கொண்டுபோவாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவாள். "இவர் பேர் பக்தவச்சலம். என் அப்பா. இன்னும் நம்மளோட இருக்கார். உங்களுக்கு அவர்கிட்ட என்ன கேக்கணுமோ எழுதிக் குடுங்க" என்பாள். அதுதான் பாடத்தின் கடைசிப் பத்து நிமிடம். பிள்ளைகள் எழுதிக் கொடுக்கும் சீட்டுகளைச் சாயந்திரம் அப்பாவிடம் படித்துக் காட்டுவாள். கீழே இருட்டில் பயமா இருக்காதா தாத்தா? சாப்பாடு எங்க வெச்சு சாப்பிடுவீங்க? தங்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கீங்களா? அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வாள். அந்த நாளுக்காக அவர் வருடம் முழுக்கக் காத்திருப்பார்.

"அவர் எங்க இருக்கார்ப்பா?"

"உள்ளதான் கீறாரு. டேப்லட்ல எனக்குக் காட்றேன்னாரு. நீ வந்தப்பறம் பாக்கலாம்னு சொல்லிகினே இருக்காரு."

மதியழகன் அடுப்படியில் நின்றிருந்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் வருவது தெரிந்தும் திரும்பாமல்.

மைதிலி கதவைச் சாத்தினாள்.

"போன் ஏன் எடுக்கல?"

"என்ன சொல்றதுன்னு தெரியல."

"பயாலஜி வேற டீம்."

அவன் சொல்லியிருந்ததையே அவள் திருப்பிச் சொன்னாள்.

"யார் எழுதறாங்கன்னு உங்களுக்கே தெரியாது."

"மைதிலி, மூணு மாசம்தான் டைம் குடுத்தாங்க. கணக்குக்கு ஆள் அதிகமாயிடுச்சு, பயாலஜி எழுதத் தெரிஞ்சா வெச்சுக்கறோம்னாங்க. எனக்கு நாப்பத்தி நாலு வயசு. மறுபடி எந்த ஸ்கூல்ல போய் நிக்கறது?" குரலைத் தாழ்த்தினான். "அதுவும் இல்லாம, நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினதுதானே எல்லாம்? மாடிப்படி ஏறச் சொன்னா என்னன்னு நான்தானே சொன்னேன்?"

"ஆமா. நீங்கதான் சொன்னீங்க. அதை நோட்டுல உங்க பேர் போட்டு எழுதியிருக்கேன். பார்த்திருப்பீங்களே, அதையும்தானே போட்டோ எடுத்தீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றாள்.

"குடுத்திருக்க மாட்ட."

அது அவளை நிறுத்தியது. கொடுத்திருப்பாளா? தெரியவில்லை. சண்டை போட்டிருப்பாள். அழுதிருப்பாள். ஒரு வாரம் கழித்துக் கொடுத்தும் இருக்கலாம். அந்த ஒரு வாரத்தை அவன் அவளுக்குத் தரவில்லை.

"சரி, நோட்டை விடுங்க. எங்கப்பா என்ன பண்ணினார் உங்களுக்கு? அவர் பேரைக் கறுப்படிச்சு, புகை பிடிக்கிறவர்னு போட்டிருக்கே?"

"அது நான் இல்ல. எடிட்டர். சுரங்கம், தூசின்னு எல்லாம் சொன்னா ஸ்கூல்காரங்க யோசிப்பாங்க, பசங்களுக்கும் பாரமா இருக்கும், சிகரெட்னா எல்லாருக்கும் சட்டுனு புரியும்னு மாத்திட்டாங்க."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"கடைசியா என்கிட்ட வந்துச்சு."

"வந்து?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

குழாயிலிருந்து பாத்திரத்தில் தண்ணீர் சொட்டியது. மதியழகன் அதை இறுக்கி மூடினான்.

"ஓகே பண்ணிட்டேன்" என்றான்.

"நீ," என்றாள் மைதிலி. கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் நீ என்று சொன்னதில்லை. இரண்டு பேருமே அந்த வார்த்தையைக் கேட்டார்கள். "அந்த மனுஷன் உனக்காக ரெண்டு மாசம் என்கிட்ட பொய் சொல்லியிருக்காரு. சந்தோஷமா சொல்லியிருக்காரு. இப்ப சட்டை மாத்திகிட்டு உட்கார்ந்திருக்காரு. போய் நீயே சொல்லு."

"என்னால முடியாது மைதிலி."

முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "இன்னா ரெண்டு பேரும் குசுகுசுன்னு? கொண்டாங்க, பாக்கலாம்!"

●

அடுத்த ஐந்து நிமிடம் ஏன் அப்படி நடந்துகொண்டோம் என்று மைதிலி பிற்பாடு பலமுறை யோசித்தாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அடுப்படியை விட்டு வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

மதியழகன் டேப்லட்டை அவர் மடியில் வைத்தான். மாடிப்படி வந்தது. ஆட்டு நுரையீரல் வந்தது. "அடேய், இது சிவாஜிநகர் கறி!" என்று சிரித்தார் அப்பா.

"அப்பா, மீதியைச் சாயந்திரம் பாக்கலாமே. சாப்பிட்டு மாத்திரை போடணும்" என்றாள் மைதிலி.

"ஆமா மாமா, சார்ஜ் கம்மியா இருக்கு" என்றான் மதியழகன்.

சற்று முன்னால் முகம் பார்த்துப் பேச முடியாத இரண்டு பேரும் இப்போது ஒரே பொய்யைச் சேர்ந்து சொன்னார்கள்.

"இருங்கப்பா, என் படம் வராம எங்க சாப்புடறது" என்று அப்பா விரலால் தள்ளிக்கொண்டே போனார்.

எக்ஸ்ரே வந்தது.

டேப்லட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். கோணல் எலும்பைத் தொட்டுப் பார்த்தார். சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு சிவப்பு எழுத்துக்கு வந்தார்.

அப்பா ஏழாவது வரைக்கும்தான் படித்தவர். பாடத்தில் இருந்ததெல்லாம் ஆங்கிலம். படிக்கத் தெரியாது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். ஆனால் இருபத்தாறு வருடம் வெடிமருந்துக் கிடங்கு வாசலில், தினமும் அவர் நின்று பெயர் கொடுத்து மருந்து வாங்கிய இடத்தில், ஓர் ஆங்கிலப் பலகை தொங்கியது. அதில் இருந்த வார்த்தை அவருக்குத் தெரியும்.

"எஸ், எம், ஓ," என்று எழுத்துக் கூட்டினார். "கே."

அந்த நான்கு எழுத்தின்மேல் விரலை ஓட்டினார்.

"ஸ்மோக்கு" என்றார். "இன்னா மாப்ள, ஸ்மோக்குன்னு போட்டிருக்கு?"

மதியழகன் டேப்லட்டை வாங்கக் கை நீட்டினான், அவர் தரவில்லை.

"மைதிலி, நீ படி."

அவள் படித்தாள். தமிழில் சொன்னாள். புகை பிடிப்பவரின் நுரையீரல். இதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அப்பா அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அழுவார் என்று பயந்தாள். அவர் டேப்லட்டை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார். அதற்கப்புறம் படம் இல்லை.

"பசங்க கேள்வி எழுதற எடம் எங்க?" என்று கேட்டார்.

"அதை எடுத்துட்டாங்கப்பா."

"என் பேரு?"

"அதையும்."

"நான் பீடி குடிச்சவனா மாப்ள?" என்றார். கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவரைப் போல. "என் கூட வேல செஞ்சவன் எத்தினி பேரு இதே நெஞ்சோட செத்துப் போனானுங்க. உங்க அப்பா இல்ல? அவரு பீடி குடிச்சா செத்தாரு?"

மதியழகனின் அப்பாவும் அதே சுரங்கம்தான். மதியழகன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. யாரும் அவனுக்குச் சமாதானம் சொல்லவில்லை.

டேப்லட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பா கேட்டார். "இது எத்தினி இஸ்கூலுக்குப் போயிருக்குது?"

"நாப்பத்தோரு ஸ்கூல் மாமா" என்றான், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"எல்லாம் பெங்களூர்லதான?"

"ஆமா."

"பேரு எழுதிக் குடுங்க."

"எதுக்கு மாமா?"

"போறேன். ஒண்ணொண்ணா போறேன். பசங்க முன்னால நின்னு, இது என் நெஞ்சு, இது கல்லுத் தூசின்னு சொல்றேன். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

பஸ் ஸ்டாப் வரைக்கும் நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் மனிதர். மதியழகன் மைதிலியைப் பார்த்தான். நீயாவது சொல்லேன் என்ற பார்வை. டாக்டர் சொன்னது, வெயில், படிக்கட்டு, எல்லாம் அவளுக்கும் தெரியும்.

மைதிலி உள்ளே போனாள். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வந்து அவன் முன்னால் ஸ்டூலில் வைத்தாள்.

அவன் எழுத ஆரம்பித்தான். முதலில் ஒரு பள்ளி. அடுத்து ஒன்று. அப்பா நாற்காலியில் முன்னால் சாய்ந்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது பெயர் எழுதி முடித்ததும் மதியழகனின் கை நின்றது.

"மைதிலி, இந்தப் பேரெல்லாம் வெளியில குடுத்தது நான்தான்னு தெரிஞ்சா, திங்கக்கிழமை எனக்கு வேலை இருக்காது."

"தெரியும்" என்றாள் மைதிலி. "திங்கக்கிழமை நானும் அந்த ஃபார்ம்ல கையெழுத்துப் போடப் போறதில்ல."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"எட்டாவது ஸ்கூல் பேரு?" என்று கேட்டாள்.